நல்ல கையைக் கட்டிப்போடும் வைத்தியம்

உட்காருங்கள் அண்ணாச்சி. தயங்க வேண்டாம். இந்த பெஞ்ச் நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் போட்டிருக்கிறார்கள். வீட்டம்மா சேலை எடுத்து முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். மூன்றாம் கவுண்டரில் பச்சைச் சேலையில் இருக்கிறார்களே, அவர்கள்தானே உங்கள் வீட்டம்மா? இப்போதுதான் முதல் சேலை பார்க்கிறார்கள். அப்படியானால் இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். நான் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன். நேரத்தைப் பற்றி நான் சொன்னால் தப்பாது.

நான் சேலை எடுக்க வரவில்லை. உங்கள் வீட்டம்மாவுக்கு எதிரே, கவுண்டருக்கு உள்ளே, காப்பி நிற யூனிபார்ம் சேலை கட்டி ஒருத்தி நிற்கிறாளே, அவள் என் மனைவி. பெயர் செண்பகவல்லி. நான் வல்லி என்பேன். இந்தக் கடையில் இருபத்தாறு வருஷம். நடுவில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. எட்டு மாதம் கழித்து இன்றைக்குத்தான் திரும்ப வந்திருக்கிறாள்.

வேலைக்கு என்று சொல்ல முடியாது. சோதனைக்கு. இன்று ஒரு நாள் கவுண்டரில் நிற்கட்டும், பார்ப்போம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். சேலை எடுத்து விரித்துக் காட்ட முடிந்தால் பழைய இடம் அவளுக்கு. முடியாவிட்டால் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பையை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கலாம். சம்பளம் அதேதானாம். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். ஆனால் இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "டோக்கன் குடுக்கதுக்கு நான் வரல. சேலை காட்ட முடியலைன்னா வீட்டுல இருந்துக்கிடுதேன்." அவ்வளவுதான். ஒரே பேச்சு.

என்னிடமும் ஒரே பேச்சுதான். "கவுண்டர் பக்கம் வந்தீங்கன்னா நான் அப்படியே எறங்கி வீட்டுக்குப் போயிருவேன்." நான் அப்படி என்ன செய்துவிட்டேன், சொல்லுங்கள். எட்டு மாதம் அவளுக்கு வலது கையாக இருந்தவன் நான். முழுசாகக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நேரம்தான் கிடக்கிறதே.

மாசி மாதம். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். கை தட்டிலேயே கிடக்கிறது. "என்ன வல்லி?" என்றேன். வாய் கோணிக்கொண்டது. நான் முதலில் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது. பழக்கம் அப்படி. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான். நான் நிமிஷத்தோடு சொன்னேன். "இப்படிச் சொன்னா எங்களுக்கு எவ்வளவு வசதி தெரியுமா?" என்று அவரே பாராட்டினார். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நேரத்தோடு போட்டுவிட்டார்கள். பேச்சு நாலு நாளில் வந்துவிட்டது. கால் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. கைதான் வரவில்லை.

அப்போது எங்களுக்குக் கிடைத்தவள்தான் ஜெர்லின். பிசியோதெரபி பார்க்கிற பெண். முப்பது வயது இருக்கும். சிரித்த முகம், ஆனால் பிடிவாதக்காரி. அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அம்மா, உங்க கையில கோளாறு எதுவும் இல்ல. கைக்கு உத்தரவு போடுத இடத்துலதான் கோளாறு. மூளையில அந்த வழி அடைஞ்சிருச்சு. வேற வழி போடணும். ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செஞ்சாத்தான் வழி விழும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பாலம் உடைந்தால் வண்டியைச் சுற்றி விடுவோம் இல்லையா, அதுதான்.

பயிற்சி என்ன என்று நினைக்கிறீர்கள்? ஒரு தம்ளர். மேஜையில் வைத்த தம்ளரை வலது கையால் எட்டிப் பிடித்து, தூக்கி, திரும்ப வைக்க வேண்டும். காலையில் இருபது முறை, மாலையில் இருபது முறை. இதற்கு ஒரு படிப்பா என்று தோன்றியது. ஆனாலும் நான் சும்மா இருப்பேனா? அட்டவணை போட்டுவிட்டேன். ஆறு பத்துக்குத் தோள். ஆறு இருபத்தைந்துக்கு முழங்கை. ஆறு நாற்பதுக்குத் தம்ளர். கோடு போட்ட நோட்டு, சிவப்புப் பேனா, எல்லாம் முறையாக.

முதல் நாள் ஆறு நாற்பதுக்குத் தம்ளரை வைத்தேன். கை மேஜையில் நகர்கிறது. நகர்கிறது. நத்தை தேவலை. விரல் தம்ளரைத் தொடும்போது ஆறு நாற்பத்து நாலு. நாலு நிமிஷம் அண்ணாச்சி. நாலு நிமிஷத்தில் எங்கள் ஸ்டாண்டில் மூன்று வண்டி வெளியே போகும். அவள் நெற்றியெல்லாம் வேர்வை. பார்க்கிற எனக்குப் பொறுக்குமா? தம்ளரை எடுத்து அவள் கையில் வைத்து, விரலை மடக்கி, தூக்கி, திரும்ப வைத்துவிட்டேன். நோட்டில் ஒரு டிக்.

அதற்கப்புறம் வேகம் வந்துவிட்டது. இருபது தம்ளரும் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். சில நாள் அவள் கையைத் தொந்தரவு செய்யாமல் நானே இருபது முறை தூக்கி வைத்து, எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டிவிடுவேன். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்கு வலது தோளில் ஆறு வருஷமாக ஒரு பிடிப்பு இருந்தது. அந்த மாதத்தோடு போய்விட்டது.

உங்கள் வீட்டம்மா இரண்டாவது சேலைக்கு வந்துவிட்டார்கள். கீழ்த்தட்டுச் சேலை. கீழ்த்தட்டு என்றால் வல்லிக்குக் கஷ்டம் இல்லை. பாருங்கள், எடுத்துவிட்டாள்.

எங்கே விட்டேன்? நோட்டு. மாதக் கடைசியில் ஜெர்லினிடம் நோட்டைக் காட்டினேன். ஒரு நாள் விடவில்லை, ஒரு டிக் குறையவில்லை. புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரமாதம் சார்" என்றாள். பிறகு வல்லியின் முன்னால் ஒரு தம்ளரை வைத்து, "எடுங்கம்மா" என்றாள். வல்லி என்னைப் பார்த்தாள். ஜெர்லின் வல்லியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள்.

"சார், இது யாரு செஞ்ச பயிற்சி?"

"ரெண்டு பேரும் சேந்துதான்மா" என்றேன். உண்மைதானே.

அடுத்து ஒரு கண்ணாடி கொடுத்தாள். அதை மேஜையில் குறுக்கே நிறுத்தி, விழுந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட வேண்டும். நல்ல கையை முன்னால் வைத்து அசைக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் இடது கை வலது கை மாதிரி தெரியும். இரண்டு கையும் ஆடுகிறது என்று மூளை நம்பிவிடுமாம். மூளையையே ஏமாற்றுகிற வைத்தியம். எனக்கு மனது ஒப்பவில்லை. இருந்தாலும் வல்லி அரை மணி நேரம் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் கிட்டப் போனால், "தள்ளுங்க, உங்க தல தெரியுது" என்பாள். மூன்று வாரத்தில் மணிக்கட்டு கொஞ்சம் தூக்கியது. விரல் கொஞ்சம் விரிந்தது. கண்ணாடியை நேராக நிறுத்திக் கொடுத்தது நான்தான்.

மணிக்கட்டு தூக்கியதும் ஜெர்லின் அடுத்த வைத்தியத்துக்கு வந்தாள். அதுதான் எனக்கு ஆகவில்லை. ஒரு பெரிய கையுறை. சூடான பாத்திரம் இறக்குகிற உறை மாதிரி, விரலே தனியாகத் தெரியாது. அதை இவளுடைய நல்ல கையில், இடது கையில், மாட்டிவிட்டாள். "நல்ல கை சும்மா இருக்கணும். அது எல்லாத்தையும் செஞ்சு குடுத்தா வலது கை சோம்பேறியாயிரும். காலையில மூணு மணி நேரம் கழட்டவே கூடாது."

யோசித்துப் பாருங்கள். ஒரு கை விழுந்துவிட்டது. இன்னொரு கையைக் கட்டிப்போட்டாயிற்று. அந்த மூன்று மணி நேரம் அவளுக்குக் கையே கிடையாது. கணவன் என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறேன்? காப்பி ஆற்றிக் கொடுத்தேன். தலை சீவினேன். இட்லி ஊட்டினேன். பேப்பர் பக்கத்தைப் புரட்டினேன். கொசு உட்கார்ந்தால் அடித்தேன். அவள் கையை அசைக்க ஆரம்பிப்பதற்குள் நான் முடித்திருப்பேன். ஒரு நிமிஷம் தாமதித்தது இல்லை.

ஒரு நாள் காலை சட்டென்று சொன்னாள். "என் கை பாதி போச்சு. மிச்சப் பாதிய நீங்க எடுத்துக்கிட்டீங்க."

பக்கவாதம் வந்தவர்களுக்கு மனசு ஒரு நிலையில் இருக்காது, பொறுத்துப் போக வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள். நான் பொறுத்துப் போனேன். மூக்கைத் துடைத்துவிட்டேன். அதற்கும் அழுதாள்.

அந்த வாரம் ஜெர்லின் வீட்டுக்கே வந்துவிட்டாள். சொல்லாமல் வந்தாள். ஒரு மணி நேரம் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். நானும் குறை வைக்கவில்லை. வல்லிக்குத் தண்ணீர், விசிறி, மாத்திரை, எல்லாம் நேரத்துக்கு. கடைசியில் எழுந்து வந்தாள். வல்லி கையில் இருந்த உறையை விட்டுவிட்டு, பையிலிருந்து இன்னும் இரண்டு உறை எடுத்தாள். "சார், கையை நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். என் இரண்டு கையிலும் மாட்டி, கயிற்றை இறுக்கிவிட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா? எனக்குக் கை நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு சார். அதான்."

"இந்த வைத்தியம் புருஷன்மாருக்கும் உண்டா?"

"சில பேருக்கு உண்டு" என்றாள்.

பாருங்கள், எவ்வளவு முன்யோசனை. எனக்கு அறுபத்தொரு வயது, ரத்தக் கொதிப்பு வேறு. நாளைக்கு எனக்கும் வந்துவிட்டால்? அதற்காக முன்கூட்டியே பழக்குகிறாள். அந்தப் பெண்ணுக்கு என் உடம்பின் மேல் அப்படி ஓர் அக்கறை. வல்லியிடம் மட்டும் தனியாக ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். வல்லி சிரித்து அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது.

ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எனக்கு இரண்டு கையும் கிடையாது. அப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கை இல்லை என்று தெரிந்ததும் முதலில் மூக்கு அரிக்கும். அப்புறம் மூக்குக் கண்ணாடி இறங்கும். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. தலையை அண்ணாந்தேன், நிற்கவில்லை. சுவரில் போய் முட்டினேன், கோணிக்கொண்டது. "வல்லி, இத ஏத்தி விடேன்" என்றேன்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து வலது கையைத் தூக்கினாள். மேஜை உயரம் வந்தது. நின்றது. கீழே விழுந்தது. மறுபடி தூக்கினாள். நான் கடிகாரத்தைப் பார்க்கலாம் என்றால் கண்ணாடி இறங்கிப்போனதால் மணி தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நேரம் குறிக்காமல் விட்ட சம்பவம் அது ஒன்றுதான். கை என் முகத்துக்கு வந்தது. முதலில் கன்னத்தில் குத்தினாள். அப்புறம் கண்ணில். அப்புறம் கண்ணாடியைப் பிடித்து ஏற்றிவிட்டாள், நெற்றிக்கு.

"அவ்வளவு மேல வேண்டாம்."

"இருங்க, எறக்குதேன்."

அன்றிலிருந்து என் முகம்தான் அவளுக்குப் பயிற்சிக்கூடம். காப்பி கொடுத்தாள், பாதி என் சட்டைக்கு. இட்லி ஊட்டினாள், சட்னி காதில். நாலு வெள்ளைச் சட்டை போச்சு. என்னை இப்படிப் படுத்தியதற்கு அவளுக்குக் கை சும்மா வருமா, வந்துதான் ஆக வேண்டும். ஆடி மாதம் தட்டிலிருந்து அவளே எடுத்துச் சாப்பிட்டாள். ஆவணியில் என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். ஐந்து பொத்தானுக்கு இருபது நிமிஷம். நான் ஊருக்கா போகிறேன், நின்றேன்.

"உங்களுக்கு எந்த வேலைக்குக் கை வேணும்?" என்று ஜெர்லின் கேட்டாள். நான், "தலை சீவ, சாப்பிட, அது போதும்" என்றேன். "சார், நான் அம்மாவக் கேட்டேன்" என்றாள். வல்லி சொன்னாள், "சேலை விரிக்க."

உங்களுக்கு அது பெரிய வேலையாகத் தெரியாது. நாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள். தட்டிலிருந்து உருவ வேண்டும். மடிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். மற்றதை ஒரே வீச்சில் வீச வேண்டும். முந்தி சரியாக வாடிக்கைக்காரியின் முழங்கால் பக்கம் போய் விழ வேண்டும். அப்போதுதான் அவர்கள் கை தானாக அதைத் தொடும். தொட்டுவிட்டால் பாதி வாங்கிய மாதிரி என்பாள் வல்லி. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், நாலும் ஒரே சமயத்தில் வேலை செய்ய வேண்டும். இரண்டு மாதம் என் வேட்டிகளை வைத்துப் பழகினாள். பரண் மேல் அடுக்கிவைத்து, எட்டி உருவி, வீசி, மடித்து, மறுபடி அடுக்கி. முதலில் வேட்டி அவள் காலிலேயே விழுந்தது. அப்புறம் அடுப்பில் விழுந்தது. நான் உறையோடு வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

இன்று காலை இங்கே வந்ததும் முதலாளி எப்படிக் கவனித்தார் என்று நினைக்கிறீர்கள்? நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார். "மெல்ல மெல்ல பாரும்மா, அவசரமே இல்ல" என்றார். கூட்டம் வந்தபோது பக்கத்துக் கவுண்டருக்கு அனுப்பிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வல்லிதான் என் பக்கம் வந்து, "எப்பவும் திட்டுத மனுஷன், இன்னைக்கு என்னைய 'அம்மா'ங்காரு, டீ தாராரு. எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். நல்லவர்களைக் கண்டு பயப்படுவது எந்த ஊர் வழக்கம்? காலையிலிருந்து அவளுக்கு மொத்தமே மூன்று பேர். உங்கள் வீட்டம்மா நாலாவது. அவர்களும் பக்கத்துக் கவுண்டருக்குப் போகாமல் தவறி இங்கே வந்து உட்கார்ந்தவர்கள்.

ஐயோ. உங்கள் வீட்டம்மா மேலே கையைக் காட்டுகிறார்கள். மேல்தட்டு. அந்த அரக்கு நிறம். அவர்களுக்கு வேறு நிறம் பிடிக்காதா அண்ணாச்சி? கீழே எவ்வளவு அடுக்கியிருக்கிறது.

முதலாளி கல்லாவிலிருந்து பார்க்கிறார். பக்கத்துக் கவுண்டர்ப் பெண் மாரீஸ்வரி எடுத்துக் கொடுக்க வருகிறாள். வல்லி தலையாட்டி வேண்டாம் என்கிறாள். வேண்டாமாம். நான் போய் ஒரு நொடியில் எடுத்து... இல்லை, போகவில்லை. உட்கார்ந்துதான் இருக்கிறேன். அண்ணாச்சி, தப்பாக நினைக்காதீர்கள், என் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? இரண்டையும். இறுக்கி.

தூக்குகிறாள். தோள் வந்துவிட்டது. முழங்கை நீள்கிறது. விரல் இன்னும் எட்டவில்லை. உங்கள் வீட்டம்மா செல்போனைப் பார்க்கிறார்கள், நல்லவேளை. எட்டிவிட்டது. உருவுகிறாள். மேலே இருக்கிற மற்ற சேலை சரிகிறது. சரியட்டும். வந்துவிட்டது.

வீசுகிறாள்.

கொஞ்சம் கோணல். முந்தி முழங்காலுக்கு வராமல் ஒரு சாண் தள்ளி விழுந்திருக்கிறது. உங்கள் வீட்டம்மா குனிந்து இழுத்துத் தொட்டுப் பார்க்கிறார்கள். தொட்டுவிட்டார்கள்.

உதட்டைப் பிதுக்குகிறார்கள். வேறு கேட்கிறார்கள். அதுவும் மேல்தட்டா? அடுத்தது. இன்னொன்று. அண்ணாச்சி, உங்கள் வீட்டம்மாவுக்கு மனசில் என்னதான் இருக்கிறது? ஐந்து. ஏழு. வல்லி முகத்தில் வேர்வை, ஆனால் கை நிற்கவில்லை. ஒன்பது. ஒன்று கூட நேராக விழவில்லை, எல்லாம் இடது பக்கமாகவே போகிறது. அதற்கு ஏற்றாற்போல உங்கள் வீட்டம்மா ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். பதினொன்று. கவுண்டர் முழுக்க சேலை மலை.

எழுந்துவிட்டார்களே. ஒன்றும் எடுக்கவில்லையா? "பாத்துட்டு வாரேன்" என்கிறார்களா? இவ்வளவு வேலை வாங்கிவிட்டு ஒரு ஜாக்கெட் துணி கூடவா எடுக்கக் கூடாது?

இதோ முதலாளி வருகிறார். போச்சு.

கேட்டீர்களா? கேட்டீர்களா, அவர் சொன்னதை? "ஏ செண்பகம், என்ன இது, சந்தைக்கடை மாதிரி விரிச்சுப் போட்டுட்டு நிக்க? ஒண்ணு வித்தியா? மேல பாரு, எல்லாம் சரிஞ்சு கெடக்கு. சட்டுனு மடிச்சு அடுக்கு. நாளைக்கு ஞாயித்துக்கெழம, கல்யாணக் கூட்டம் வரும், ஒம்பதரைக்கு இங்க நிக்கணும், லேட்டா வந்தா அர நாள் சம்பளம் பிடிச்சிருவேன்." இப்படியா பேசுவது? காலையில் டீ கொடுத்த மனுஷனா இவர்? உடம்பு தேறி வந்தவளை நாலு பேர் முன்னால் இப்படித் திட்டுகிறாரே. நீங்கள் கையை விடுங்கள், நான் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்.

இல்லை, கொஞ்சம் பொறுங்கள். அவள் இந்தப் பக்கம் பார்க்கிறாள். எதற்குச் சிரிக்கிறாள்? அரக்குச் சேலையை மடித்துக்கொண்டே சிரிக்கிறாள் பாருங்கள், மாரீஸ்வரியும் சேர்ந்து சிரிக்கிறாள். முதலாளி திட்டிவிட்டுப் போகிறார், இரண்டும் கல்யாண வீடு மாதிரி நிற்கின்றன. முப்பத்தொரு வருஷம் இவளோடு குடித்தனம் நடத்துகிறேன் அண்ணாச்சி. திட்டு வாங்கியவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்குகிறதா?